ஊசி ஏறினால் முதலில் மூடியைப் பாருங்கள்

"அண்ணே, ஏத்தத்துல ஊசி மேல போகுது. ரேடியேட்டரும் மாத்தியாச்சு, வாட்டர் பம்பும் மாத்தியாச்சு. இன்னும் என்னத்த மாத்துறது?"

மாத்தளை டவுனில் குடியிருக்கும் ஒரு டீச்சர், தன் நிசான் எஃப்பி15 காரைக் கராஜ் வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்ட கேள்வி இது. அவர் படிப்பிக்கும் பாடசாலை இறத்தோட்டையைத் தாண்டி மலையில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் இரண்டு கராஜ் பார்த்துவிட்டார். சம்பளத்தில் பெரும்பகுதி காருக்கே போயிருந்தது. அவர் குரலில் இருந்த களைப்பை நான் வாரத்துக்கு நாலு முறையாவது கேட்கிறேன்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் நம் ஆட்கள் இருந்த காரையே ஓட்டினார்கள். இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வரும் விலையைப் பார்த்துவிட்டு, பழைய காரையே தேடி வாங்குகிறார்கள். எஃப்பி15, கொரொல்லா 121, மாருதி 800 என்று மாத்தளை வீதிகளில் ஓடுகிறவற்றில் பலவற்றுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. இருபது வயது கார் ஓடாது என்று சொல்லமாட்டேன், நன்றாக ஓடும். ஆனால் கோளாறு எதுவென்று பார்க்காமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்க்கிற பழக்கம் சொந்தக்காரரைக் கடன்காரராக்கிவிடும். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து வரும் சாமானுக்குக் காசு கொடுக்க முன்பு, கேட்கவும் பார்க்கவும் அளக்கவும் வேண்டியவை நிறைய இருக்கின்றன.

டீச்சரிடம் நான் முதலில் கேட்டது, எப்போது எஞ்சின் சூடேறி ஊசி ஏறுகிறது என்பதை. டவுன் நெரிசலில் நிற்கும்போதா, ஏற்றத்தில் இழுக்கும்போதா? நிற்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் பேனைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும் காருக்குக் காற்று தானாகக் கிடைக்கும், நிற்கும் காருக்குப் பேன்தான் காற்று. நிற்கும்போது சரியாக இருந்து இழுக்கும்போது ஏறினால் தண்ணீரின் ஓட்டத்தையோ அழுத்தத்தையோ பார்க்க வேண்டும்.

"மாசி மகத் தேருக்கு முத்துமாரியம்மன் கோயில் பக்கம் ஒரு மணித்தியாலம் நின்னேன். ஊசி அசையல. மலை ஏறினாத்தான்."

பேன் தப்பியது. அடுத்து, தண்ணீர் குறைகிறதா, குறைந்தால் எங்கே போகிறது என்று கேட்டேன். பக்கத்திலுள்ள சின்னத் தாங்கி நிரம்பி வழிகிறதாம், கார் ஆறிய பிறகும் தண்ணீர் ரேடியேட்டருக்குத் திரும்பி வருவதில்லையாம். கடைசியாக, பெற்றோல் எப்படிப் போகிறது என்று கேட்டேன். முன்பைவிட நிறையக் குடிக்கிறது என்றார். இந்த மூன்று பதிலிலும் கோளாறு பாதி தெரிந்துவிட்டது. மற்றப் பாதிக்கு எஞ்சின் ஆற வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேல் ஹோசைக் கையால் அழுத்தும்போது அது மெத்தென்று இருக்க வேண்டும். அதுவரை மூடியில் கை வைக்கக் கூடாது.

ஆறும் நேரத்தில், பக்கத்தில் நின்ற மாருதியைப் பார்த்தேன். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. சொந்தக்காரர் அதற்குள் புதுப் பெட்டரி வாங்கிவிட்டார், ஆனாலும் அதே 'டிக்'. மீற்றரை வைத்தால் பெட்டரி 12.6 வோல்ட் காட்டியது. அது முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12க்குக் கீழே போனால் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் மின்சாரம் எங்கே நிற்கிறது? மீற்றரின் ஒரு முனையைப் பெட்டரியின் ஈயத் தலையிலும் மற்றதை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்து, கராஜ் பையனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவே மீற்றர் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். இது 3 வோல்டுக்கு மேல் காட்டியது. கிளாம்பைக் கழற்றினால் உட்புறம் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வெந்நீரில் அப்பச்சோடா கலந்து ஊற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசினேன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்டார்ட் செய்ததும் மறுபடி அளந்தேன். ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் நடுவே நின்றால் டைனமோ வேலை செய்கிறது. புதிய வேகன்ஆர் மாதிரி வாகனங்களில் இந்த அளவு ஏறி இறங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இதே பெட்டரி கதைதான் ஸ்கேன் மெஷினிலும் நடக்கிறது. கொரொல்லா 121 ஒன்று குலுங்கிக் குலுங்கி வந்தால், ஸ்கேனில் பி0301 என்று விழும். முதலாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். கொயில் போய்விட்டது என்று மெஷின் சொல்லவில்லை. முதலாவது சிலிண்டரின் கொயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதின் கொயிலை முதலாவதில் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோட் பி0302 ஆக மாறினால் கொயில் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து பிளக்கை இதே மாதிரி இடம் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்பிரஷன். செலவு இல்லாத சோதனை, பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நாலு கொயிலையும் மாற்றச் சொல்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

எஃப்பி15 ஆறிவிட்டது. மூடியைத் திறந்தேன். தண்ணீர் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது, துருப்பிடித்த நிறம். ரேடியேட்டர் பளபளவென்று புதிது. மூடி மட்டும் பழையது.

இந்த மூடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் மேலே 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருக்கும். அந்த அழுத்தம் வரும்வரை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தண்ணீரை வெளியே விடாது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். 0.9 அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 பாகை வரை கொதிக்காமல் தாங்கும், கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே தாங்கும். ஸ்பிரிங் சோர்ந்துவிட்டால் தண்ணீர் 100 பாகையை ஒட்டியே கொதிக்கும். அதுவும் மாத்தளை டவுனில். இறத்தோட்டையைத் தாண்டி ஏறும் றிவர்ஸ்டன் பாதையில் 1,000 மீற்றர் உயரத்துக்கு வந்துவிட்டால், திறந்த பானையில் தண்ணீர் 97 பாகையிலேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கும் வேளையில்தான் மூடி கைவிடுகிறது. கொதித்த தண்ணீர் தாங்கிக்குப் போய் வழிகிறது. ஆறும்போது அதைத் திரும்ப உறிஞ்ச மூடியின் நடுவில் ஒரு சின்ன வால்வு உண்டு. அது இறுகிவிட்டால் போன தண்ணீர் போனதுதான். அடுத்த நாள் குறைந்த தண்ணீரோடு அதே ஏற்றம்.

மூடியை அழுத்தச் சோதனைக் கருவியில் மாட்டி பம்ப் அடித்தேன். 0.9 வரை நிற்க வேண்டிய முள் 0.3ஐத் தாண்டவில்லை. நடு வால்வை விரல் நகத்தால் இழுத்தேன், அசையவில்லை. ரப்பர் வளையம் பிஸ்கட் மாதிரி பொரிந்திருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாங்கிக்குத் தண்ணீரைத் தள்ளும் இன்னொரு ஆள் இருக்கிறது, ஹெட் கேஸ்கட். அது உடைந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து அதைத் தள்ளும். குளிர்ந்த எஞ்சினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து கழுத்தைப் பார்த்தேன். குமிழி தொடர்ந்து வரவில்லை. நீல நிறச் சோதனைத் திரவக் குழாயைக் கழுத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சினேன். எரிந்த வாயு இருந்தால் திரவம் மஞ்சளாகும். நீலமாகவே இருந்தது. ஒயில் மூடியைத் திறந்தேன், பால் கலந்த மாதிரி எதுவும் இல்லை. ஹெட் தப்பியது. அதைக் கழற்றி லேத்துக்கு அனுப்பும் செலவு எவ்வளவு என்று தெரிந்த யாருக்கும் அந்த நீல நிறம் எவ்வளவு ஆறுதல் என்று புரியும்.

பெற்றோல் கேள்வி மிச்சமிருந்தது. தெர்மோஸ்டாட் உறையைக் கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! "நம்ம சூட்டு நாட்டுக்கு இது தேவையில்லை" என்று யாரோ எடுத்து எறிந்திருக்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வராவிட்டால் கம்ப்யூட்டர் அது இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒயிலும் சேறாகும். அதுதான் டீச்சரின் பெற்றோல் செலவு.

புது தெர்மோஸ்டாட்டையும் சோதிக்காமல் போடமாட்டேன். அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, தெர்மோமீற்றரைப் பக்கத்தில் பிடித்தேன். அதில் 82 என்று அடித்திருந்தது. 80 வரை வாய் மூடியே இருந்தது. 82ஐத் தாண்டியதும் நூல் அளவு வெளிச்சம் தெரிந்தது. 95க்கு வரும்போது நன்றாகத் திறந்துவிட்டது. வெளியே எடுத்ததும் கண்முன்னே மெல்ல மூடிக்கொண்டது. டீச்சர் குனிந்து பார்த்துக்கொண்டே, "இத எங்க பிள்ளைகளுக்கு சயன்ஸ் பாடத்துல காட்டலாமே" என்றார். நான் ஒரு பழைய தெர்மோஸ்டாட்டை அவருக்குக் கொடுத்தேன்.

துரு நீரைத் திறந்துவிட்டு, தெளிவாக வரும்வரை அலசினேன். பிறகு பாதிக்குப் பாதி கூலன்ட். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலும் தம்புள்ள, கலேவெல பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளைப் படை ஏறியிருக்கும். அதே படைதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. காரின் மூக்கை ஏற்றமான பக்கம் நிறுத்தி, மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோசை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் நல்ல சாமான் போட்டும் ஊசி ஏறும். பேன் இரண்டு முறை சுழன்று நின்ற பிறகு புது மூடியைப் பூட்டினேன்.

டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து இறத்தோட்டையைத் தாண்டி, அவருடைய பாடசாலைச் சந்தி வரை ஏசி போட்டு ஏறினோம். ஊசி பாதியை விட்டு அசையவில்லை. திரும்பி இறங்கும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. நாலாவது வளைவில் கருகிய வாசம் வந்தது. ஓரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனேன், தொடவில்லை. முன் இடது சக்கரம் அடுப்பு மாதிரி இருந்தது, வலது வெதுவெதுப்புதான்.

கராஜில் ஜக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து (ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், அது உயிர்ப் பிரச்சினை) சக்கரத்தைக் கழற்றினேன். கலிப்பரின் ஸ்லைட் பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் கவ்வியே இருந்திருக்கிறது. பின்னைக் கழற்றி, துருவைத் தேய்த்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் பூசி, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினேன். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். பேட் 3 மில்லிமீற்றருக்கு மேலே இருந்ததால் அதை மாற்றச் சொல்லவில்லை. சக்கரம் தூக்கியிருந்ததால் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், பெயாரிங்கும் போல் ஜொயின்டும் சரி. பக்கவாட்டில் ஆட்டினேன், ரெக் என்டும் சரி.

பிரேக் ஒயில் சாயத்தண்ணி நிறத்தில் இருந்தது. இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை தாங்கும். ஈரம் ஏறியபின் 140 பாகைக்குக்கூட இறங்கிவிடும். மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கில் காலை வைத்திருந்தால் அது கொதித்துக் குமிழியாகும். அப்போது பெடல் பஞ்சு மாதிரி அடி வரை போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன். இறங்கும்போது சின்னக் கியரில் இறங்கச் சொல்வேன், ஓட்டோ என்றால் எல், பிரியஸ், அக்குவா என்றால் பி. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்கி நாலையும் பிளீட் செய்தோம். பையன் உள்ளே பெடலை மிதித்துப் பிடிக்க, நான் கீழே நட்டைத் திறந்து மூட, புது ஒயில் குமிழியில்லாமல் வரும்வரை. மேலே தாங்கி வற்றாமல் டீச்சரே பார்த்துக்கொண்டார்.

காரை அன்றிரவு கராஜில் வைத்துக்கொண்டேன். காலையில், எஞ்சின் கல்லாகக் குளிர்ந்திருந்தபோது மூடியைத் திறந்தேன். கூலன்ட் கழுத்து வரை நின்றது. தாங்கியிலும் நேற்று வைத்த கோட்டிலேயே இருந்தது. கூலன்ட், பிரேக் ஒயில் இரண்டும் மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு துண்டில் எழுதி பொனட்டின் உட்பக்கம் ஒட்டிவிட்டு, டீச்சருக்குப் போன் எடுத்தேன்.