சாதனத்துக்கு ஒரு முகவரிவெளி

மேல்பட்டாம்பாக்கத்திலும் நெல்லிக்குப்பத்திலும் ஒரே சர்வே எண்ணுள்ள நிலங்கள் இருக்கலாம். எந்தக் கிராமக் கணக்கு என்று சொன்னாலன்றி எந்த வயல் என்பது நிச்சயமாகாது. கணினியின் நினைவக முகவரிகளும் அத்தகையவையே. ஓர் எண் எந்த முகவரிவெளியைச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகே அதற்கு அர்த்தம் உண்டாகிறது.

வட்டு, வலைப்பின்னல் அட்டை முதலிய சாதனங்கள், மையச் செயலியை ஒவ்வொரு முறையும் எதிர்பாராமல், தாமே நினைவகத்தில் நேராக எழுதவும் படிக்கவும் வல்லவை. வேகத்துக்கு இது அவசியம். ஆயினும் கட்டற்ற சுதந்திரம் பெற்ற ஒரு சாதனம், பழுதினாலோ பிறருடைய துர்ப்புத்தியினாலோ, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் நினைவகத்தையே பாழாக்கிவிடக் கூடும். ஆகையால் நடுவே ஐஓஎம்எம்யூ என்னும் மின்சுற்று நிறுத்தப்பட்டது. சாதனம் கேட்கும் எண்ணைக் கெர்னல் எழுதிவைத்த அட்டவணையில் தேடி, உண்மையான இடத்துக்கு அது மாற்றித் தருகிறது. அட்டவணையில் காணாத எண்ணை நிராகரித்துவிடுகிறது.

ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குச் சாதனமொன்றை ஒப்படைக்க விரும்பும் நிரல், கெர்னலிடம் எவ்விதம் விண்ணப்பிக்க வேண்டும்? 2012-இல் லினக்ஸ் 3.6 பதிப்பில் வந்த விஎஃப்ஐஓ என்னும் இடைமுகம், முகவரிவெளியையும் சாதனங்களையும் ஒரே கொள்கலனுக்குள் சேர்த்துக் கட்டியது. அக்காலத் தேவைக்கு அது போதுமானதாயிருந்தது. ஒரே சாதனம் பல செயல்முறைகளுக்குத் தனித்தனி முகவரிவெளிகளில் ஊழியம் செய்யும் நிலை வந்தபோதோ, அந்தக் கட்டு இறுகித் தடையாயிற்று.

2023 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 6.2 பதிப்பின் ஐஓஎம்எம்யூஎஃப்டி என்னும் புதிய இடைமுகம் அந்தக் கட்டை அவிழ்த்தது. சாதனம் ஒரு பொருள், முகவரிவெளி வேறொரு பொருள், ஐஓஎம்எம்யூ வாசிக்கும் அட்டவணை மற்றொரு பொருள். இவற்றைப் பிணைப்பது தனியானதொரு செயல். இந்தப் பகுப்பையே இதன் தலையாய சிறப்பென்று நான் கருதுகிறேன். பிணைப்பு தனிச்செயலாக நிற்பதனாலன்றோ, ஓர் அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்குச் சாதனத்தை மாற்றும் வசதியையும் பின்னர் தெளிவாக வரையறுக்க முடிந்தது. அம்மாற்றம் தோற்றுப்போனால் பழைய பிணைப்பு பங்கமின்றி நீடிக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைத் தனிமைப்படுத்த இயலாத சாதனங்களை மட்டும் கெர்னல் ஒரே குழுவாகவே நடத்துகிறது. ஒன்றை ஒரு நிரலுக்கும் மற்றொன்றை வேறு நிரலுக்கும் கொடுக்க அது சம்மதிப்பதில்லை.

பயனர் நிரல்களுக்கு ஒருமுறை அளித்த இடைமுகத்தைத் திரும்பப் பெறுவதில்லை என்பது லினக்ஸ் கெர்னலின் நெடுங்கால விரதம். அதனால் பழைய கொள்கலன் முறையில் வரும் விண்ணப்பங்களை ஏற்கும் வழியொன்றையும் புதிய இடைமுகம் தன்னுள் வைத்திருக்கிறது. செயலிக் கட்டமைப்புகளோ பல. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகள் தழுவிய ரிஸ்க்-வி கட்டமைப்புக்கும் 2023-இல் ஐஓஎம்எம்யூ விவரக்குறிப்பு அங்கீகரிக்கப்பட்டது. எந்த நிறுவனத்தின் செயலியாயினும் பிணைப்பைக் கோரும் முறை ஒன்றாகவே இருக்க வேண்டுமென்பது இந்த இடைமுகத்தின் நோக்கம்.