அட்ரினலினும் உழவர் உயிரும்: ஒரு சமூக நோக்கு

பாம்புக்கடியை ஊழ்வினையாகக் கருதும் மரபு நம்மிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. உண்மையில் அது உழைப்போடு பிணைந்த தொழில்சார் நோயாகும். கிண்ணியா போன்ற நெற்செய்கைப் பிரதேசங்களில் வெறுங்காலுடன் வயலில் இறங்குபவரே அதற்கு முதலில் இலக்காகின்றனர். கடியுண்டவரின் உயிருக்கு நஞ்சு மட்டுமன்றி, நஞ்சை முறிக்கும் மருந்தும் இடர் விளைவிக்கலாம். இவ்விடத்தேதான் அட்ரினலின் முக்கியத்துவம் பெறுகின்றது.

இலங்கையில் வழங்கப்பட்டுவரும் நச்சுமுறி மருந்து, இந்தியாவில் குதிரைக் குருதியிலிருந்து தயாரிக்கப்படுவது. அந்த அயற்புரதம் கடும் ஒவ்வாமையைத் தோற்றுவிக்கக்கூடும். குருதியமுக்கம் வீழும், மூச்சுக்குழல்கள் சுருங்கும், சில நிமிடங்களில் மரணமும் நேரலாம். சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் இயல்பாகவே சுரக்கும் அட்ரினலின் இவ்விரண்டையும் எதிர்க்கின்றது. வளர்ந்தோர்க்கு 0.5 மில்லிகிராமைத் தொடைத் தசையில் ஏற்றுவதே ஒவ்வாமைக்கான முதற் சிகிச்சை.

எனினும், குருதிக்குழாய்களைச் சுருக்கும் அதே இயல்பே ஆபத்துக்கும் ஊற்றாகிறது. அளவு மிகினும், நாளத்தினுள் விரைந்து செலுத்தப்படினும் இதயத் துடிப்பு நிலைகுலையும். குருதியமுக்கம் எல்லை மீறும். கண்ணாடி விரியன் தீண்டியவரின் குருதி உறையுந் தன்மையை இழந்திருக்கும். அந்நிலையில் அமுக்க உயர்வு மூளையில் குருதிக்கசிவை ஏற்படுத்தலாம். இவ்வச்சத்தினால் அட்ரினலினை முன்காப்பாக வழங்க மருத்துவர் தயங்கினர்.

அத்தயக்கத்துக்கு இலங்கை ஆய்வாளரே விடை தேடினர். நச்சுமுறி மருந்துக்கு முன் 0.25 மில்லிகிராம் தோலின்கீழ் ஏற்றப்பட்டது. 105 நோயாளரைக் கொண்டு 1999இல் வெளியான ஆய்வில், அட்ரினலின் பெறாதோரில் 43 வீதத்தினருக்கும் பெற்றோரில் 11 வீதத்தினருக்குமே உடனடி எதிர்விளைவுகள் தோன்றின. 1007 நோயாளரை உள்ளடக்கி 2011இல் வெளியான ஆய்வு, முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்விளைவுகள் 43 வீதம் குறைந்ததைக் காட்டிற்று. வழக்கமாக வழங்கப்பட்ட ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெத்தசினும் அப்பயனைத் தரவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 1977ஆம் ஆண்டு முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இடம்பெற்ற மலிவான மருந்து இது. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில், தாமே ஏற்றிக்கொள்ளும் அட்ரினலின் ஊசிச் சோடியின் விலை 2016இல் 600 டொலரைத் தாண்டியது. மருந்து சந்தைப் பண்டமாவதன் விளைவு இதுவே. மருந்து மக்களுக்குரியது என்னும் நோக்கோடு பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்றமைத்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் (1971) இதற்கு நேரெதிரான பாதையைக் காட்டியது.

2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியா மக்கள் படகுப்பாதை ஏறியே திருகோணமலைக்குச் சென்றனர். நிமிடங்களில் கொல்லும் ஒவ்வாமை பாதைக்காகக் காத்திராது. எனவே கிராமத்து மருத்துவமனையில் இம்மருந்தும், அதன் அளவறிந்து ஏற்றும் பயிற்சி பெற்ற கரமும் எந்நேரமும் இருத்தல் வேண்டும். இது உழவரின் உரிமை. எவரும் இரங்கி அளிக்கும் சலுகையன்று.