மூட்டம் போட்டால் அவரைக்கு ஆபத்து!

தை மாதத்து அவரைப் பந்தலைப் பார்த்திருக்கிறீர்களா? பூவும் பிஞ்சுமாகக் குலுங்கும். நாலு நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் போதும். பூங்கொத்தில் மை பூசினாற்போல் கறுப்பாக ஏதோ அப்பிக்கொள்ளும். அதுதான் அசுவினி. செடிப்பேன் என்றும் சொல்வதுண்டு. "யார் கண் பட்டதோ!" என்பார்கள் பாட்டிமார்கள். பாவம், பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விஷயம் வானத்தில் இருக்கிறது.

பூச்சிகளுக்கு நம்மைப் போல் உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெளிச் சூடு இதமாக இருந்தால் மளமளவென்று வளரும். அசுவினிக்கோ ஆண் துணைகூட வேண்டாம்! பெண் பூச்சி தானாகவே குட்டிகளை ஈனும். அந்தக் குட்டிகளும் ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த ஜம்பம் சாயாது. மழை அடித்து உதிர்த்துவிடும். மழை ஓய்ந்து, மூட்டமும் பனியும் மட்டும் மிஞ்சுகிறபோது, அடித்துத் தள்ள மழையுமில்லை, வாட்ட வெயிலுமில்லை. இளங்கொழுந்துக்கும் குறைவில்லை. கேட்க வேண்டுமா?

வெண்டைக்கு நேர் எதிர். அதன் விரோதியான வெள்ளை ஈ வறண்ட வெயிலில்தான் பெருகும். சாற்றை உறிஞ்சுவதோடு நரம்பு மஞ்சளிக்கும் நோயையும் செடிக்குச் செடி பரப்பும். நோய் கண்ட செடி தேறாது, பிடுங்கிவிட வேண்டியதுதான்.

பூச்சியைக் கண்டதும் மருந்துப் புட்டியைத் தேடுகிறோமே, அங்கேதான் எனக்குக் கவலை. மருந்தடித்த பிறகு இத்தனை நாள் கழித்தே காய் பறிக்கலாம் என்று கணக்கு உண்டு. வெண்டையையோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். அப்புறம் அந்தக் கணக்கு என்ன ஆகும்? குழந்தையின் தட்டுக்குத்தான் வரும்.

மருந்தும் எப்போதும் பலிப்பதில்லை. முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் அரிக்கும் வைரமுதுகுப் பூச்சிக்குக் குளிரில் ஒரு தலைமுறைக்கு மாதத்துக்கு மேல் ஆகும். வெப்பத்தில் இரண்டு மூன்று வாரமே. தலைமுறைகள் பெருகினால் மருந்துக்குப் பழகுவதும் சுருக்கத்தில் நடக்கும். டி.டி.டி. இதனிடம் தோற்றது 1953-இல், ஜாவாத் தீவில்!

ஆகவே, மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் மூட்டம் போட்ட நாட்களில் தினமும் காலையில் கொழுந்தைப் புரட்டிப் பாருங்கள். அசுவினி தெரிந்தால், மழை செய்கிற வேலையை நீங்களே செய்யலாம்: தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பாதி உதிர்ந்துவிடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். மாலையில் தெளிப்பது நல்லது. வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும். மழை வரும்போல் இருந்தால் அன்று வேண்டாம்.

தெளிக்குமுன் ஒன்று பாருங்கள். முதலைக் குட்டி போல அருவருப்பான சிறு புழு ஒன்று அசுவினிக் கூட்டத்தினிடையே ஊர்ந்தால், அது பொறிவண்டின் பிள்ளை. அசுவினிதான் அதற்குச் சாப்பாடு. நசுக்கிவிடாதீர்கள், இரண்டு நாள் அதற்கு விட்டுக் கொடுங்கள்.