ஐந்து புள்ளிகள், பத்துக் கோடுகள்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டுக்குப் போகவிருக்கும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். பட்டப்படிப்பு இசையில். வாசிப்பது வயலின். ஆக விரும்புவதோ டாக்டர். அடுத்த செமஸ்டருக்கான பாடங்களைப் பதிய உட்கார்கிறாள். வரலாறு, புள்ளியியல், உயிரியல் என்று பிடித்த நேரங்களில் வகுப்புகளை எடுத்துக்கொண்டே வருகிறாள். கடைசியில் கரிம வேதியியல் லேப். மொத்தம் 15 பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் சில நிரம்பிவிட்டன, சில அவள் ஏற்கெனவே எடுத்த வகுப்புகளோடு இடிக்கின்றன. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: செவ்வாய் பிற்பகல் 1:30 முதல் 5:20 வரை. கல்லூரி இசைக்குழுவின் ஒத்திகையோ அதே செவ்வாய் மாலை 4 மணிக்கு. பொத்தானை அழுத்துகிறாள். 'நேரம் மோதுகிறது' என்று சிவப்பு எழுத்தில் பதில் வருகிறது.

கோபம் அட்டவணை போட்ட அலுவலகத்தின் மேல்தான் பாயும். கொஞ்சம் யோசித்துப் போட்டிருக்கக் கூடாதா? யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பின்னால், கணித உலகம் இன்னும் விடை காணாத ஒரு பெரிய கேள்வி நின்றுகொண்டிருக்கிறது.

முதலில், இசை மாணவிக்கு வேதியியல் லேப் எதற்கு? நம் ஊரில் பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேராக எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் பொதுவாக நான்காண்டு இளங்கலைப் படிப்பை முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி 1893-இல் திறக்கப்பட்டபோதே பட்டதாரிகளை மட்டும் சேர்ப்பது என்று முடிவெடுத்தது. 1910-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். வேதியியல், இயற்பியல், உயிரியல் கல்லூரி அளவில் படிக்காத யாரையும் மருத்துவம் படிக்க விடக்கூடாது என்பது அதன் சாரங்களில் ஒன்று. இன்றைய 'பிரீமெட்' என்ற ஏற்பாட்டின் வேர் அங்கே இருக்கிறது. பிரீமெட் ஒரு பட்டம் அல்ல, ஒரு பாதை. இசையோ வரலாறோ எதைப் படித்தாலும் சரி, இந்த அறிவியல் பாடங்களைப் பக்கவாட்டில் முடித்துவிட வேண்டும்.

அந்தப் பாதை ஒரு சங்கிலி. பொது வேதியியல் இரண்டு செமஸ்டர். அதை முடித்தால்தான் கரிம வேதியியல் இரண்டு செமஸ்டர். அதன் பிறகே உயிர்வேதியியல். ஆக ஐந்து செமஸ்டர். இடைவெளி விடாமல் டாக்டர் படிப்புக்குப் போக வேண்டுமானால், எம்கேட் என்ற நுழைவுத் தேர்வை மூன்றாம் ஆண்டின் இறுதியில், அதாவது ஆறாம் செமஸ்டரில் எழுதியாக வேண்டும். 2015-இல் மாற்றியமைக்கப்பட்ட எம்கேட்டில் உயிர்வேதியியலுக்குக் கனமான இடம் உண்டு. ஐந்தும் ஒன்றும் ஆறு. சங்கிலியில் ஒரே ஒரு செமஸ்டர்தான் மூச்சுவிட இடம். அதுவும் காகிதத்தில்தான். கரிம வேதியியலின் முதல் பாதியைப் பல கல்லூரிகள் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் செமஸ்டரில் மட்டுமே நடத்துகின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை மோதலுக்காக அதைத் தவறவிட்டால் இழப்பு ஒரு செமஸ்டர் அல்ல, ஒரு வருடம்.

சரி, மோதல் எங்கிருந்து வருகிறது? அட்டவணையைப் படமாக வரைந்தால் தெரியும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு பாடங்களை ஒரே மாணவர் எடுக்கிறார் என்றால் அந்த இரு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு நிறம்: காலை 9 மணிக்குச் சிவப்பு, 10 மணிக்குப் பச்சை, இப்படி. கோட்டின் இரு முனைகளிலும் ஒரே நிறம் வராதபடி எல்லாப் புள்ளிகளுக்கும் நிறம் தீட்டிவிட்டால், மோதலே இல்லாத அட்டவணை தயார்.

நிறம் தீட்டும் இந்த விளையாட்டுக்கு வயது அதிகம். 1852-இல் லண்டனில் ஃபிரான்சிஸ் கத்ரீ என்ற இளைஞர் இங்கிலாந்து மாவட்டங்களின் வரைபடத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த மாவட்டங்களுக்கு ஒரே நிறம் வராமலிருக்க நான்கு நிறமே போதும் என்று தோன்றியது. எந்த வரைபடத்துக்கும் போதுமா? இந்தச் சின்னக் கேள்வி 124 ஆண்டுகள் கணித அறிஞர்களை அலைக்கழித்தது. 1976-இல் இலினாய் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஆப்பலும் வுல்ஃப்காங் ஹாக்கனும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கணினியை ஓடவிட்டு 'போதும்' என்று நிரூபித்தார்கள். அந்தக் கணிதத் துறை, தபால் உறைகளில் 'நான்கு நிறம் போதும்' என்று முத்திரை குத்திக் கொண்டாடியது.

நம் மாணவிக்கு அந்தக் கொண்டாட்டத்தில் பங்கில்லை. ஏன் என்பதை ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். அவள் எடுப்பது ஐந்து பாடம் என்றால் ஐந்து புள்ளி. ஒவ்வொன்றும் மற்ற நான்கோடும் இணைய வேண்டும். மொத்தம் பத்துக் கோடு. ஒன்றையொன்று வெட்டாமல் வரையப் பாருங்கள். வளைத்து நெளித்து ஒன்பது கோடுகள் வரை போட்டுவிடலாம். பத்தாவது கோடு எங்காவது ஒன்றை வெட்டியே தீரும். நாட்டைப் புள்ளியாகவும் பொது எல்லையைக் கோடாகவும் நினைத்தால் இதன் பொருள்: தட்டையான வரைபடத்தில் ஐந்து நாடுகள் ஒவ்வொன்றும் மற்ற நான்குக்கும் அண்டை நாடாக இருக்க முடியாது. ஆனால் ஒரே மாணவியின் ஐந்து பாடங்கள் அப்படித்தான் இருக்கின்றன. நான்கு நிற உத்தரவாதம் வெட்டிக்கொள்ளாத கோடுகளுக்கு மட்டுமே. ஒருத்தி கல்லூரிக்குள் நுழைந்ததுமே அது காலாவதி. பல்லாயிரம் பேர் நுழைந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணினிதான் இருக்கிறதே, எல்லா வழிகளையும் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே? 40 பாடம், 5 பாடவேளை மட்டுமே உள்ள குட்டிக் கல்லூரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அட்டவணை போடும் வழிகள் 5-ஐ 40 முறை பெருக்கினால் வரும் எண்ணிக்கை. அதில் 28 இலக்கங்கள். நொடிக்கு நூறு கோடி வழிகளைச் சோதிக்கும் கணினிக்குக்கூட, பிரபஞ்சத்தின் வயதைப் போல் சுமார் 20 மடங்கு காலம் பிடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டே பாடவேளை என்றால் கணக்கு மிகச் சுலபம். ஒரு பாடத்தைக் காலையில் போடுங்கள். அதோடு கோடு உள்ளவை எல்லாம் மாலைக்குப் போக வேண்டும். அவற்றோடு கோடு உள்ளவை காலைக்கு. எங்காவது முட்டினால் 'முடியாது' என்பது அங்கேயே தெரிந்துவிடும். மூன்றாவது பாடவேளையைச் சேர்த்தால் இடம் கூடுகிறது, வேலை சுலபமாக வேண்டும். ஆனால் இப்போது ஒவ்வொரு புள்ளியிலும் 'இதுவா, அதுவா' என்ற கேள்வி முளைக்கிறது. கேள்வி கேள்வியைப் பெருக்குகிறது. 1972-இல் ரிச்சர்ட் கார்ப், ஒன்றுக்கு வேகமான வழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும் என்ற உறவுடைய 21 கடினமான புதிர்களைப் பட்டியலிட்டார். நிறம் தீட்டுவதும் அதில் ஒன்று. மூன்றே நிறம் இருந்தாலும் அதே கடினம் என்பது விரைவிலேயே தெரிந்தது. போட்டு முடித்த அட்டவணையில் மோதல் இருக்கிறதா என்று சரிபார்ப்பது எளிது. அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் யாருக்கும் விரைவான பொதுவழி தெரியவில்லை. அப்படி ஒரு வழி உண்டா இல்லையா என்று நிரூபிப்பவருக்கு கிளே கணிதக் கழகம் 2000-இல் பத்து லட்சம் டாலர் அறிவித்தது. பரிசு இன்னும் அங்கேயே இருக்கிறது.

மிகச் சிறந்த விடை எளிதில் கிடைக்காததால், ஓரளவு நல்ல விடைக்குக் குறுக்குவழி தேடுவது முன்பிருந்தே நடந்துவந்தது. 1967-இல் டொமினிக் வெல்ஷ், மார்ட்டின் பவல் இருவரும் அட்டவணைக்காகவே ஒரு முறையைச் சொன்னார்கள்: அதிகக் கோடுகள் உள்ள புள்ளிக்கு முதலில் நிறம் கொடு. 1979-இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பிரெலாஸ் அதை இன்னும் கூர்மையாக்கினார்: எந்தப் புள்ளியைச் சுற்றி ஏற்கெனவே அதிக வகை நிறங்கள் தீட்டப்பட்டிருக்கின்றனவோ, அதாவது எதற்கு வழிகள் குறைந்துகொண்டே போகின்றனவோ, அதை அடுத்துக் கவனி. அதே ஆண்டு பிரெலாஸ் சுவிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் நுழைந்த உலகின் முதல் பசுமைக் கட்சிக்காரர் அவர்தான். பிறகு லோசான் நகர மேயராகவும் நெடுங்காலம் இருந்தார். நெருக்கடியில் இருப்பவரை முதலில் கவனி என்பது அரசியலுக்கும் பொருந்தக்கூடிய விதிதான்.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் செக் நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய 'யூனிடைம்' என்ற மென்பொருள் இன்னொரு தந்திரம் செய்கிறது. ஒரு பாடத்தை ஓரிடத்தில் வைக்கும்; அதோடு மோதுவதைப் பிடுங்கி வெளியே போடும்; அதற்கு வேறிடம் தேடும். எதை எங்கே வைத்தபோது எது பிடுங்கப்பட்டது என்று நினைவில் வைத்துக்கொண்டு, அதே சண்டையை மறுபடி இழுக்காமல் நகரும். கல்யாணப் பந்தியில் யார் யாருக்கு ஆகாது என்று தெரிந்துவைத்திருக்கும் பெரியவரைப் போல.

எவ்வளவு நகர்த்தினாலும் எல்லா மோதலும் தீராது. எனவே கோடுகளுக்கு எடை போடுகிறார்கள். கரிம வேதியியலையும் உயிரியலையும் 300 பேர் சேர்த்து எடுத்தால் அந்தக் கோட்டின் எடை 300. மொத்த எடையில் இழப்பு குறைவாக இருப்பதே நல்ல அட்டவணை. கரிம வேதியியல் லேபையும் இசைக்குழுவையும் இணைக்கும் கோட்டின் எடை? ஒன்று. நம் வயலின் மாணவி மட்டும்தான். இந்த எடைகள் பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளின் பதிவுகளிலிருந்து வருவதால், அந்தக் கோடு படத்தில் இல்லாமலேகூடப் போயிருக்கலாம். ஊரோடு ஒத்த பாடம் எடுப்பவர்களுக்கு அட்டவணை வழிவிடும். பிரீமெட் பாதை எந்தப் பட்டத்தோடும் ஒட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் அழகு; அட்டவணைக்கு அதுவே தலைவலி.

அலுவலகம் தன் கணக்கை முடித்துவிட்டது. ஆனால் அவள் கையிலும் புள்ளிகளும் கோடுகளும் கொண்ட ஒரு சின்னப் படம் இருக்கிறது. அதே விதி அதற்கும் செல்லும். எதற்கு வழி குறைவோ அதை முதலில் வை. இசைக்குழுவுக்கு ஒரே நேரம்தான், அது நகராது. எனவே அதுவே முதல் புள்ளி. அடுத்தது லேப். நச்சுப் புகையை உறிஞ்சும் ஆய்வுமேடைகள் எத்தனையோ அத்தனை பேருக்குத்தான் இடம் என்பதால் அதன் பிரிவுகள் சிறியவை, சீக்கிரம் நிரம்புபவை. வரலாறும் புள்ளியியலும் கடைசியில் வரலாம். அவற்றை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளினாலும் எந்தச் சங்கிலியும் அறுந்துவிடாது. அவளோ நேர்மாறாகத் தொடங்கினாள். 15 லேப் பிரிவுகளில் பலவற்றை மூடியது அலுவலகம் அல்ல, அவளே பிடித்த நேரத்தில் எடுத்துக்கொண்ட வகுப்புகள்தான்.

அப்படியும் தீராவிட்டால்? கோடைகாலச் செமஸ்டர் இருக்கிறது. பட்டம் முடித்து ஒன்றிரண்டு ஆண்டு கழித்துச் சேரலாம். இன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அப்படி வருபவர்களே. அதற்கெல்லாம் முன்பாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அட்டவணை இறுதியாகும் முன்பே பாட ஆலோசகரிடம் போய், 'நான் வயலினும் வாசிப்பேன், கரிம வேதியியலும் படிப்பேன்' என்று சொல்லிவிடுவது. கணினிக்குத் தெரிந்ததெல்லாம் வரையப்பட்ட கோடுகள் மட்டுமே. அந்த ஒற்றைக் கோட்டை அவள்தான் வரைய வேண்டும்.