காசில்லாப் படமும் உரிமையும்

ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாகி, தாயக்கட்டை உருட்டி முடிவு காணும் மேசை விளையாட்டு ஒன்றைத் தாமிரபரணிக் கரையைக் களமாக வைத்து நீங்கள் அமைக்கிறீர்கள் என்று கொள்வோம். தச்சநல்லூரிலேயே கதை தொடங்கட்டும். அட்டைகளுக்குப் படம் வேண்டுமே! இணையத்தில் காசின்றிக் கிடைப்பதையெல்லாம் அச்சிட்டு விற்றுவிட முடியாது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் மறைந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். 1906-இல் மறைந்த இரவிவர்மாவின் ஓவியங்களோ இன்று பொதுச்சொத்து, தாராளமாக எடுத்தாளலாம். ‘கேம்-ஐகான்ஸ்’ தளத்தில் உள்ள வாள், கேடயம் போன்ற சின்னங்களில் பெரும்பாலானவற்றுக்கு வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், விற்பனைக்கும் தடையில்லை. 3 புலி, 15 ஆடு கொண்ட நம் ஆடுபுலி ஆட்டக் கட்டம் எவருக்கும் சொந்தமன்று. ஆனால், அதை இன்றைய ஓவியர் ஒருவர் அலங்கரித்து வரைந்த படம் அவருடையது. அதை நகலெடுக்காமல், அளவுகோல் வைத்து நீங்களே கோடு போடுங்கள். அரைமணி நேர வேலைதான்.