தண்ணி போட்டுவிட்டு மலை இறங்கினால்... அப்பீல் காப்பாற்றுமா?

ஏற்காடு,-
சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு சுமார் 30 கிலோ மீட்டர் தூரம்தான். அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள்! நிதானத்தில் இருப்பவருக்கே கை நடுங்கும் பாதை. "ரெண்டே ரவுண்டுதான் சார் போட்டேன்" என்ற பேச்சு போலீசாரிடம் எடுபடாது.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முன்பு அபராதம் 2 ஆயிரம் ரூபாய் வரைதான். 2019-ல் சட்டத்தைத் திருத்தி 10 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள். 6 மாதம் ஜெயிலும் கிடைக்கலாம்.

ஒப்புக்கொண்டால்...

"ஆமாங்கய்யா, குடிச்சேன்" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி, பணத்தைக் கட்டிவிட்டால் சோலி முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்பீலும் அதோடு முடிந்தது! பிறகு மேல் கோர்ட்டில் "நான் குடிக்கவே இல்லை" என்று மாற்றிப் பேச முடியாது. தண்டனை அதிகம், சட்டப்படி சரியில்லை என்று மட்டும்தான் வாதாடலாம்.

மறுத்து வழக்கு நடத்தினால்? வாயில் சாராய வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண் பாப்பா... இவற்றை மட்டும் வைத்து ஒரு டிரைவர் போதையில் இருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என 1971-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அந்த வழக்கில் ரத்தம் எடுத்தார்கள். பரிசோதனை அறிக்கையைத்தான் கோர்ட்டில் தாக்கல் செய்யவில்லை!

6 மாதம் 3 ஆண்டானது

அறிக்கை இருந்தால் கதையே வேறு. 2006 நவம்பர் 12 அதிகாலை. மும்பை பாந்திராவில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மீது கார் ஏறி 7 பேர் பலியானார்கள். கார் ஓட்டிய வாலிபரின் ரத்தத்தில் ஆல்கஹால் 112 மில்லி கிராம். அதாவது வரம்பைப் போல் கிட்டத்தட்ட 4 மடங்கு.

கீழ் கோர்ட்டு கொடுத்தது 6 மாதம். ஐகோர்ட்டு அதை 3 ஆண்டாக உயர்த்தியது. வாலிபர் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினார். 2012 ஜனவரியில் அங்கும் 3 ஆண்டுதான் உறுதியானது.

வேலையும் போகும்

வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இன்னொன்று. உத்தரபிரதேச ஆயுதப்படை லாரி டிரைவர் ஒருவர், 2000-ம் ஆண்டில் போலீசாரை ஏற்றிச் சென்றபோது குடிபோதையில் ஜீப் மீது மோதினார். பெரிய சேதம் இல்லை. ஆனாலும் வேலை போயிற்று. பெரிய விபத்து நடக்காதது அதிர்ஷ்டம்தானே தவிர, அதற்காக மன்னிக்க முடியாது என்றது சுப்ரீம் கோர்ட்டு. 25 ஆண்டு பணியைப் பார்த்து, டிஸ்மிஸ் என்பதை கட்டாய ஓய்வு என்று மட்டும் மாற்றியது.

2022 ஜனவரியில் அந்தத் தீர்ப்பு வந்தபோது டிரைவர் உயிருடன் இல்லை. ஓய்வு பலன்களை வாரிசுகளிடம் கொடுக்க கோர்ட்டு உத்தரவிட்டது.