மூச்சு வாங்குகிறதா? நுரையீரலைத் திட்டாதீர்கள்!

இரண்டு மாடி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இளைக்கிற நாற்பது வயதுக்காரர் முதலில் சந்தேகப்படுவது நுரையீரலைத்தான். டாக்டர் மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் குழாயில் ஊதச் சொல்வார். ஆஸ்துமாவும் சிகரெட்டும் இல்லாதவர் என்றால், பெரும்பாலும் 'நார்மல்' என்றே வரும். தினமும் ஷட்டில் ஆடுகிற அவருடைய அண்ணனை ஊதச் சொன்னாலும் ஏறக்குறைய அதே எண்கள்தான் வரும். பிறகு ஏன் தம்பிக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது?

நுரையீரல் தேவைக்கு மேல் தாராளமாக அமைந்த உறுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும். ஓட வேண்டி வந்தால் 100 லிட்டருக்கு மேலும் இழுத்துவிட அதனால் முடியும். சோபாவே கதியென்று கிடப்பவருக்கும் இந்த இருப்பு உண்டு. தட்டுப்பாடு வருவது காற்று உள்ளே போன பிறகுதான்: ஆக்சிஜனைச் சுமக்கும் ரத்தத்தை இதயம் போதிய அளவு தள்ளுவதில்லை, வந்ததைத் தொடைத் தசைகள் முழுதாகப் பயன்படுத்துவதும் இல்லை. பழக்கமில்லாத தசையில் சீக்கிரமே அமிலம் சேர்கிறது. அதை ஈடுகட்ட 'வேகமாக மூச்சு விடு' என்று மூளை விரட்டுகிறது. நாம் உணரும் இளைப்பு பெரும்பாலும் இந்த விரட்டல்தான்.

சும்மா இருப்பதன் விலை என்ன என்பதை 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் அளந்து பார்த்தார்கள். 20 வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடல் நிமிடத்துக்கு அதிகபட்சம் பயன்படுத்தும் ஆக்சிஜன் சராசரியாக 3.3 லிட்டரிலிருந்து 2.4-க்குச் சரிந்தது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தம் குறைந்ததே முக்கியக் காரணம். எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் ஆக்சிஜன் அளவு 3.9-ஐத் தொட்டது. கதை அங்கே முடியவில்லை. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் கூப்பிட்டு அளந்தார்கள். எடை ஏறியிருந்தது, கொழுப்பு இரட்டித்திருந்தது. ஆனாலும் அளவு 2.9. முப்பது வருட மூப்பைவிட மூன்று வாரப் படுக்கை அதிகம் பறித்திருக்கிறது! பிறகு ஆறு மாத நடை, ஓட்டம், சைக்கிள் பயிற்சி அவர்களைப் பழைய 3.3-க்கே கொண்டுவந்துவிட்டது.

விளையாட்டால் மூச்சில் மாற்றமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உதரவிதானமும் விலாத் தசைகளும் வலுப்படுகின்றன. மூச்சு நிதானமாக, ஆழமாக வருகிறது. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று மூச்சுக்குழாய்களோடு நின்றுவிடும். மேலோட்டமாக, வேகமாக இழுப்பவருக்கு இந்த நஷ்டம் அதிகம். சிறு வயதிலிருந்தே கடும் பயிற்சி எடுக்கும் நீச்சல் வீரர்களுக்கு நுரையீரல் கொள்ளளவே பெரிதாக இருப்பதுண்டு. அதில் பிறவி எவ்வளவு, பயிற்சி எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அவர்களிலேயே, குளோரின் ஆவியைச் சுவாசித்துச் சுவாசித்து ஆஸ்துமா வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. போக்குவரத்து நெரிசலில் ஜாகிங் போகிறவர்களும் கவனிக்கலாம்: ஓடும்போது பல மடங்கு காற்று உள்ளே போகிறது, புகையும்தான்.

வயது ஏற ஏற ஊதும் திறன் எல்லோருக்கும் ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி குறையும். விளையாடுபவருக்கும் அது குறையவே செய்யும். புகைபிடிப்பவருக்கு இன்னும் வேகமாக.

நுரையீரலே பழுதானவர்களிடமும் இதே கதைதான். சிகரெட்டாலோ அடுப்புப் புகையாலோ நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர்களுக்குச் சில வாரங்கள் நடையும் தசைப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். முடிவில் மறுபடி ஊதச் சொன்னால் ஸ்பைரோமீட்டரின் எண் பெரும்பாலும் அசைவதில்லை. ஆனால் ஆறு நிமிடத்தில் அவர்கள் நடக்கும் தூரம் கூடியிருக்கிறது, இளைப்பும் குறைந்திருக்கிறது.